புகையும் குடல் அழற்சியும்: நாட்டுக்கு நாடு மாறும் கணக்கு

புகைபிடித்தல் நுரையீரலைக் கெடுக்கும், இதயத்தைக் கெடுக்கும் என்பன இன்று பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்திகள். குடலை அது என்ன செய்கிறது என்று கேட்டால், நம்மில் பலர் விழிப்போம். கேட்க வேண்டிய அவசியமும் பலருக்கு நேர்ந்திராது. ஆனால் நாட்பட்ட குடல் அழற்சி நோய் புகுந்துவிட்ட வீடுகளில் இக்கேள்வி எழாத நாளில்லை. “பீடி குடித்ததால் வந்ததா?” என்று ஒரு வீட்டில் கேட்கின்றனர். “பீடியை விட்டபிறகுதானே வந்தது?” என்று மறு வீட்டில் கேட்கின்றனர். வெற்றிலைகூடப் போடாத பெண்மணிக்கு இந்நோய் வந்துவிட்ட வீட்டிலோ, கேள்வியே வேறு.

மூன்று வீட்டாருக்கும் மருத்துவ ஆராய்ச்சி விடை வைத்திருக்கிறது. அவ்விடை சற்று விசித்திரமானது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். புகை, குடல் அழற்சியில் ஒரு வகையை வளர்க்கிறது. அதன் உடன்பிறப்பான மற்றொரு வகையைத் தடுத்து நிறுத்துவதுபோல் தோன்றுகிறது. அதுவும் எல்லா இனத்தாரிடமும் ஒரே அளவில் நிகழ்வதில்லை. மேலை நாட்டில் போட்ட கணக்கு, கீழை நாட்டுக்கு வந்ததும் ஒரு பாதி தவறிப் போகிறது.

இரு நோய்கள்

குடல் அழற்சி நோய் என்று மருத்துவர் கூறும்போது பெரும்பாலும் இரு நோய்களையே குறிக்கின்றனர். ஒன்று பெருங்குடல் புண் அழற்சி. ஆங்கில மருத்துவத்தில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனப்படுவது. இலண்டன் மருத்துவர் சாமுவேல் வில்க்ஸ் 1859-ஆம் ஆண்டில் இப்பெயரை வழங்கினார். மலக்குடலில் தொடங்கி, பெருங்குடலின் உட்புறச் சவ்வில் இடைவெளியின்றி மேல்நோக்கிப் பரவும் புண் இது. இரத்தமும் சீதமும் கலந்த பேதி, அடக்கவியலாத அவசரம், வயிற்றுப் பிடிப்பு, சோகை ஆகியவை இதன் அடையாளங்கள்.

மற்றொன்று குரோன் நோய். 1932-இல் நியூயார்க் நகரின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பரில் குரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் ஆகிய மூவர் இதனை விவரித்து எழுதினர். வாய் முதல் ஆசனவாய் வரை எவ்விடத்திலும் இது தோன்றலாம். சிறுகுடலின் கடைப்பகுதியே இது பெரிதும் பற்றும் இடம். குடற்சுவரின் முழுக் கனத்தையும் இது தாக்குவதால், குடல் சுருங்கி அடைத்துக்கொள்வதும், பௌத்திரம் விழுவதும், அறுவைச் சிகிச்சை வரை போவதும் உண்டு.

இரண்டும் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவன அல்ல. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பு ஆற்றலே தன் குடலைத் தாக்கத் தொடங்குகிறது. இளமையும் நடுவயதுமே இவை பெரும்பாலும் தலைகாட்டும் பருவம்; உழைக்கவேண்டிய வயதில் ஒருவரை வீட்டோடு கட்டிப்போடும் நோய்கள் இவை.

வயலும் வாய்க்காலும் சூழ்ந்த நம் காவிரிக் கழிமுகத்தில் பேதி என்பது புதிய செய்தியன்று. ஆதலால் இரத்தம் கலந்த பேதி என்றதும் சீதபேதி என்று எண்ணி இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். நிற்கவில்லையென்றால் மூலம் என்று முடிவு கட்டுகிறோம். பேருந்து நிலையச் சுவரில் மூலத்துக்கும் பௌத்திரத்துக்கும் விளம்பரம் ஒட்டப்படாத ஊர் நம் பகுதியில் உண்டோ? ஆறு மாதம், ஓர் ஆண்டு என்று காலம் இப்படியே கழிந்து, உடல் இளைத்து, இரத்தம் குறைந்தபின் தஞ்சாவூருக்கோ திருவாரூருக்கோ செல்கின்றனர். குழாய்க் கருவியால் பெருங்குடலின் உள்ளே பார்த்த பின்னரே நோயின் பெயர் தெரியவருகிறது.

நம் பக்கத்துப் புகையிலை

புகையைப் பற்றிப் பேசுமுன், நம் பக்கத்தில் புகையிலை எவ்வாறெல்லாம் பழகப்படுகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. முத்துப்பேட்டையை எடுத்துக்கொள்வோம். ஒருபுறம் நெல்வயல், மறுபுறம் அலையாத்திக் காடும் காயலும். நடவுக்கும் அறுவடைக்கும் செல்வோர் மடியில் பீடிக்கட்டு இருக்கும். காயலில் வலை வீசுவோர் படகிலும் அது இருக்கும். பெட்டிக்கடை வாசலில் கயிற்று நுனியில் கனன்றுகொண்டிருந்த நெருப்பை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சுருட்டு, ஒரு தலைமுறைக்கு முன் பெரியவர்களின் அடையாளம். உறையூர்ச் சுருட்டு ஆங்கிலேயர் காலத்தில் திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்ற பெயரில் இலண்டன் வரை சென்றது.

ஆயினும் நம் பகுதியில் புகைப்பதைவிடப் பழமையானது மெல்லுவது. வேதாரண்யம் மணற்பாங்கில் விளையும் புகையிலை, வெற்றிலை பாக்குடன் சேர்ந்து ஆணும் பெண்ணும் வாயில் அடக்கும் பொருளாயிற்று. நாடு முழுவதையும் பார்த்தாலும் இதுவே நிலை. 2016-17-இல் எடுக்கப்பட்ட அகில இந்தியக் கணக்கின்படி, வயதுவந்தோரில் 100-க்கு 21 பேர் புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்தினர். புகைத்தோர் 100-க்கு 11 பேருக்குச் சற்றுக் குறைவு. ஆண்களில் 100-க்கு 19 பேர் புகைத்தனர். பெண்களில் 2 பேரே. இந்த எண்களை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் இவை தேவைப்படும்.

கார்டிஃப் நகரில் கண்ட வியப்பு

1982-ஆம் ஆண்டு, வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரைச் சேர்ந்த ஹேரீஸ், பேர்ட், ரோட்ஸ் என்ற மூவர் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டனர். பெருங்குடல் புண் அழற்சியுள்ள 230 பேரிடம் புகைப்பழக்கம் பற்றி அவர்கள் விசாரித்திருந்தனர். புகைப்பவர் 100-க்கு 8 பேர் மட்டுமே. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சேர்த்துக்கொண்ட மற்றவர்களில் 100-க்கு 44 பேர் புகைத்தனர். குரோன் நோயாளரில் 42 பேர்.

எந்த நோயை எடுத்தாலும் அதில் புகைப்பவரே மிகுதியாக இருப்பர் என்பது அக்கால அனுபவம். இங்கோ தலைகீழாக இருந்தது. பலர் நம்பவில்லை. நோய் வந்ததால் பயந்து புகையை விட்டிருப்பார்கள் என்று சிலர் வாதிட்டனர். நியாயமான ஐயம்தான். ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் மறுபடி மறுபடி விசாரித்தபோது, நோய் தொடங்குவதற்கு முன்பே அவர்கள் புகைக்காதவர்களாகவோ, புகையை விட்டவர்களாகவோ இருந்தது புலனாயிற்று. 1989-இல் இவ்வாராய்ச்சிகளையெல்லாம் தொகுத்துப் பார்த்ததில் மூன்று முடிவுகள் தேறின. புகைப்பவருக்குப் பெருங்குடல் புண் அழற்சி வரும் வாய்ப்பு, புகைக்காதவருக்கு உள்ளதில் பாதிக்கும் குறைவு. குரோன் நோய் வரும் வாய்ப்போ இரு மடங்கு. மூன்றாவது முடிவே நாம் மிகவும் கவனிக்கவேண்டியது: புகைத்துப் பின் விட்டவருக்குப் பெருங்குடல் புண் அழற்சி வரும் வாய்ப்பு, ஒருபோதும் புகைக்காதவரைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல்.

ஏன் இப்படி? நிக்கோட்டின் பெருங்குடலின் வழவழப்புப் படலத்தைத் தடிக்கச் செய்கிறது என்கின்றனர் சிலர். பெருங்குடல் புண் அழற்சியில் அப்படலம் மெலிந்துபோவது உண்மை. குடலுக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைப் புகை குறைக்கிறது. குடலில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டத்தை மாற்றுகிறது. எதிர்ப்பு அணுக்களின் போக்கைத் திருப்புகிறது. இவை சிறுகுடலில் ஒரு விதமாகவும் பெருங்குடலில் வேறு விதமாகவும் பலிக்கின்றன போலும். முழு விளக்கம் இன்னும் எவராலும் தரப்படவில்லை.

நிக்கோட்டினே மருந்தாகுமா?

புகையில் ஏதோ நன்மை இருக்குமானால், அதனைப் புகையிலிருந்து பிரித்தெடுத்துக் கொடுக்கலாமே என்று அதே கார்டிஃப் மருத்துவர்கள் எண்ணினர். தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையை 72 நோயாளரிடம் ஆறு வாரம் சோதித்து, 1994-இல் முடிவை வெளியிட்டனர். உண்மைப் பட்டை ஒட்டிய 35 பேரில் 17 பேருக்கு நோய்க்குறிகள் முற்றிலும் அடங்கின. வெற்றுப் பட்டை ஒட்டிய 37 பேரில் 9 பேருக்கே அடங்கின. மகிழ்ச்சியூட்டும் செய்திதான். ஆனால் மறு ஆண்டே, அடங்கிய நோய் மீண்டும் எழாமல் காக்குமா என்று பார்த்தபோது, நிக்கோட்டினுக்கும் வெற்றுப் பட்டைக்கும் வேறுபாடு காணப்படவில்லை. குமட்டலும் தலைச்சுற்றலும் வேறு. இன்று எந்த நாட்டு மருத்துவரும் இதனை வழக்கமான சிகிச்சையாகக் கொள்வதில்லை. பிரிட்டனில் நாடு தழுவிய பதிவேடுகளைக் கொண்டு 2019-இல் வெளியான ஆய்வொன்று, பெருங்குடல் புண் அழற்சி வந்தபின் புகைப்பவருக்கு நோய் இலேசாகச் செல்கிறது என்ற நம்பிக்கையையும் அசைத்துவிட்டது. அவர்களுக்கும் புகைக்காதவருக்கும் நோயின் போக்கு ஒன்றாகவே இருந்தது.

குரோன் நோய்ப் பக்கத்தில் இத்தகைய குழப்பம் இல்லை. புகைப்பவருக்கு அந்நோய் அடிக்கடி சீறி எழுகிறது. அறுவைக்குப் பின் மீண்டும் அறுவை தேவைப்படுவது மிகுதி. பாரிஸ் நகரில் ஜாக் கோஸ்ன் என்னும் மருத்துவரும் அவருடைய தோழரும், புகைக்கும் குரோன் நோயாளர் 474 பேரை அழைத்துப் புகையை விடும்படி ஊக்குவித்தனர். 59 பேர் ஓராண்டுக்கு மேல் விட்டிருந்தனர். அவர்களுடைய நோய், ஒருபோதும் புகைக்காதவரின் நோயைப் போலவே தணிந்து சென்றது. 2001-இல் வெளியான முடிவு இது. 474 பேரில் 59 பேர்தானா என்று எண்ணுவோர், ஒரு கட்டு பீடியை விட்டுப் பார்த்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கணக்கு தவறிய இடங்கள்

இதுவரை சொன்ன ஆய்வுகள் யாவும் பிரிட்டன், பிரான்சு, அமெரிக்கா போன்ற நாடுகளின் வெள்ளையரிடம் செய்யப்பட்டவை. இதே அளவுகோலைப் பிறரிடம் வைத்துப் பார்த்தபோது என்ன நிகழ்ந்தது?

முதல் எச்சரிக்கை இசுரவேல் நாட்டிலிருந்து வந்தது. யூதரிடையே குடல் அழற்சி மிகுதி என்பது நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. ஆயினும் அந்நாட்டு யூத நோயாளரிடம் விசாரித்தபோது, குரோன் நோய்க்கும் புகைக்கும் தொடர்பே தென்படவில்லை. 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, இன்மையையே தன் தலைப்பாகக் கொண்டது.

அடுத்து ஜப்பான். 1960-களில் அந்நாட்டு ஆண்களில் 100-க்கு 80-க்கும் மேற்பட்டோர் புகைத்தனர். புகை குரோன் நோயை வளர்ப்பது எங்கும் பொது விதியாயின், ஜப்பான் முழுவதும் அந்நோய் மலிந்திருக்க வேண்டும். ஆனால் அக்காலத்தில் அது அங்கு மிக அரிது. பிற்காலத்தில் புகைப்பழக்கம் குறையக் குறைய, நோயோ பெருகிற்று! உணவும் வாழ்க்கைமுறையும் மாறியதே அங்கு முதன்மைக் காரணம் என்று கருதுகின்றனர். நோய் யாருக்கு வருகிறது என்பதிலும் வேறுபாடு உண்டு. மேலை நாடுகளில் குரோன் நோய் பெண்களிடம் சற்று மிகுதி. கிழக்காசியாவில் ஆண்களிடம் மிகுதி.

ஆசிய-பசிபிக் நாடுகள் பலவற்றில் ஒரே முறையில் விசாரித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு நம் கவனத்துக்கு உரியது. ஆசியரைப் பொறுத்தவரை, புகையை விட்டவருக்குப் பெருங்குடல் புண் அழற்சி வரும் வாய்ப்பு இரு மடங்காக இருந்தது. இந்த ஒரு விதி மேற்கிலும் கிழக்கிலும் ஒன்றாக நின்றது. ஓராண்டுக்கு மேல் தாய்ப்பால் அருந்தி வளர்ந்தவருக்கு இரு நோய்களும் குறைவு. நாள்தோறும் தேநீர் அருந்துவோருக்கும் அப்படியே. தாய்ப்பாலின் பெருமைக்கு இது புதியதொரு சான்று என்பதைத் தாய்மார்களுக்குச் சொல்லி வைக்கிறோம்.

பின்னர் 2021-இல், இனவாரியாகப் பிரித்து 57 ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்தனர். யூதரல்லாத வெள்ளையரில் புகைப்பவருக்குக் குரோன் நோய் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. ஆசியர், யூதர், இலத்தீன் அமெரிக்கர் ஆகியோரிடம் அத்தொடர்பு காணப்படவில்லை. பெருங்குடல் புண் அழற்சி மட்டும் எந்த இனத்தாராயினும் புகைப்பவரிடம் குறைவாகவே இருந்தது. அதிலும் பெரிய, அண்மைக்கால ஆய்வுகளில் அவ்வேறுபாடு மங்கலாகிவருகிறது என்று தொகுத்தவர்களே குறித்துள்ளனர்.

இனத்துக்கு இனம் இந்த வேறுபாடு ஏன்? மரபணு ஒரு காரணமாகலாம். 2001-இல் குரோன் நோயோடு தொடர்புடைய முதல் மரபணுவாகிய நோட்-2 கண்டறியப்பட்டது. ஐரோப்பிய நோயாளரிடம் பரவலாகக் காணப்படும் அதன் மாற்றங்கள் ஜப்பானியரிடமும் சீனரிடமும் இல்லை. தென்னிந்திய நோயாளரிடமும் மிக அரிது என வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வு காட்டிற்று. ஆக, நோயின் பெயர் ஒன்றே ஆயினும் அதற்குள் நுழையும் வாசல் வேறு. வாசல் வேறாகையில், புகை அங்கே நின்று செய்யும் வேலையும் வேறாகத்தானே இருக்கும்?

நம்மவர் நிலை

இந்தியாவில் இந்நோய்கள் அரிது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தோம். லூதியானா மருத்துவர்கள் பஞ்சாபில் 51,910 பேரை வீடு வீடாகச் சென்று விசாரித்து, 23 பேருக்குப் பெருங்குடல் புண் அழற்சி இருப்பதைக் கண்டனர். இலட்சத்துக்கு 44 பேர் என்று ஆகிறது. 2003-இல் இது வெளிவந்தபோது அவ்வெண்ணம் கலைந்தது. சீக்கியர் தம் சமயக் கட்டளைப்படி புகைப்பதில்லை. ஆதலால்தான் பஞ்சாபில் இந்நோய் மிகுதி என்று சிலர் சொல்வதுண்டு. கேட்பதற்கு அழகான விளக்கம். ஆனால் அவ்வாய்வு அதனைச் சோதித்துச் சொன்னதன்று. நாம் அதனை வற்புறுத்தமாட்டோம். புகையை விலக்கிய மற்றொரு சமயத்தாராகிய மார்மன் சபையினரிடம் பிரிட்டனில் 1985-இல் வெளியான ஆய்வு, அவர்களிடையே பெருங்குடல் புண் அழற்சி பொதுமக்களைவிட மிகுதி என்று கண்டது என்பதை மட்டும் குறித்துவைப்போம்.

கடல் கடந்த நம்மவரிடம் கதை இன்னும் சுவையானது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் குடியேறிய தெற்காசியரிடம் ஆண்டுதோறும் இலட்சத்துக்கு 10.8 பேருக்குப் பெருங்குடல் புண் அழற்சி புதிதாக வந்தது. அந்நகரின் ஐரோப்பியரிடம் 5.3 பேருக்கே. 1992-இல் வெளியான கணக்கு இது. மலேசியாவுக்கு வாருங்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறித் தோட்டக்காட்டுக்குச் சென்ற நம் முன்னோரின் வழித்தோன்றல்கள் அங்கு வாழ்கின்றனர். முத்துப்பேட்டையிலிருந்து இன்றும் அங்கு உறவு இல்லாத தெரு குறைவு. மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூவரும் ஒரே நகரில் வாழ்ந்து, ஒரே கடையில் சிகரெட் வாங்குகின்றனர். பெருங்குடல் புண் அழற்சி மிகுதியாகக் காணப்படுவதோ இந்தியரிடம். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். இலங்கையில் கொழும்பு, கம்பகா மாவட்டங்களில் எடுத்த கணக்கு 2010-இல் வெளியாயிற்று. அங்கு இலட்சத்துக்கு 5.3 பேரே. ஒரே குருதி மரபினர் இடம் பெயர்ந்ததும் நோயின் அளவு மாறுகிறது. ஒரே இடத்தில் வாழ்வோரிடையே மரபுக்கு மரபும் மாறுகிறது. இந்த இரண்டு பெரிய சக்கரங்களுக்கு நடுவே புகை ஒரு சிறு சக்கரம் என்பதே நாம் கொண்டுள்ள கருத்து.

தென்னாட்டுக்குத் தனி இயல்பு ஒன்றும் உண்டு. 2012-இல் வெளியான அகில இந்தியக் கணக்கெடுப்பில், வடக்கைக் காட்டிலும் தெற்கில் குரோன் நோயின் பங்கு மிகுந்திருந்தது. முன்னே சொன்ன புகைப்போர் எண்களை இப்பொழுது நினைவுகூருங்கள். பெண்களில் 100-க்கு 2 பேரே புகைக்கும் நாட்டில், குரோன் நோயுற்ற பெண்களில் மிகப் பெரும்பாலோர் புகையைத் தொட்டறியாதவர்கள். “எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாத என் மகளுக்கு ஏன் வந்தது?” என்று அழும் தாய்க்கு, கெட்ட பழக்கத்தால் வரும் நோயன்று இது என்பதே நேரான விடை. மணமுடிக்கும் பருவத்தில் இந்நோயோடு வாழும் பெண்ணின் நடத்தையையும் உணவையும் குறை கூறித் திரியும் உறவினர், இதனை இரண்டு முறை படிப்பார்களாக.

மேலும், நம் பீடியும் மேலைநாட்டுச் சிகரெட்டும் ஒன்றல்ல. பீடி இலை எளிதில் கனலாது. அணையாமலிருக்க அடிக்கடி இழுக்கவேண்டும். வெற்றிலையோடு மெல்லும் புகையிலைக்கோ புகையே கிடையாது. ஸ்வீடன் நாட்டில் ஈரப் புகையிலைத் தூளை உதட்டுக்குள் அடக்கும் வழக்கம் உண்டு. அந்நாட்டுக் கட்டடத் தொழிலாளரை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், அவ்வழக்கம் குடல் அழற்சியைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. ஆகவே, வாயில் புகையிலை அடக்குவது குடலுக்கு நல்லது என்று எவரேனும் கூறினால் நம்பவேண்டாம். வாய்ப்புற்று நோய்க்கு அது வழி என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

காசநோய் என்னும் குறுக்குவழி

மேலைநாட்டு நூல்களில் ஓரிரு வரியில் முடிந்துவிடும் ஒரு சங்கதி, நம் நாட்டில் தனி அத்தியாயம் ஆகிறது. காசநோய் நுரையீரலை மட்டும் பற்றுவதன்று, குடலையும் பற்றும். அதுவும் சிறுகுடலின் கடைப்பகுதியையே, அதாவது குரோன் நோய் விரும்பும் அதே இடத்தை. வயிற்றுவலி, காய்ச்சல், இளைப்பு, குடலடைப்பு யாவும் இரண்டுக்கும் பொது. தசைத் துணுக்கை எடுத்துப் பார்த்தும் சில வேளைகளில் தேர்ந்த மருத்துவருக்கே பிரித்தறிவது கடினம். உலகக் காசநோயாளரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியராதலால், இங்கு முதலில் காசநோய் மருந்து கொடுத்துச் சில மாதம் பார்ப்பதும், அதற்கு அடங்காவிட்டால் குரோன் நோய் என்று கொள்வதும் வழக்கமாயிற்று. அக்காலத்தில் மருந்தை நடுவில் நிறுத்துவது பெருங்கேடு.

இங்கே புகை மீண்டும் தலைகாட்டுகிறது. சென்னையிலும் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை அவரவர் குடும்பத்தாரிடம் விசாரித்து, கஜலட்சுமி என்னும் மருத்துவரும் இங்கிலாந்தின் ரிச்சர்ட் பீட்டோவும் மற்றோரும் 2003-இல் ஆய்வு வெளியிட்டனர். காசநோயால் இறக்கும் ஆபத்து புகைத்தோருக்கு நான்கு மடங்கு என்று அதில் தெரிந்தது. குரோன் நோய்க்கும் புகைக்கும் ஆசியரிடம் தொடர்பில்லை என்ற செய்தியைக் கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விட்ட வாசகர் எவரேனும் இருப்பின், இந்த எண்ணையும் கருத்தில் கொள்ளவேண்டும். குடல் அழற்சிக்குத் தரப்படும் மருந்துகள் பல உடலின் எதிர்ப்பு ஆற்றலைத் தணிப்பவை. அவற்றை உண்பவரிடம் உறங்கும் காசநோய் விழித்துக்கொள்ளும் அபாயம் ஏற்கெனவே உண்டு.

தவக்காலத்தில் விட்டவர்

முதலில் சொன்ன இரண்டாம் வீட்டுக்கு இப்பொழுது வருவோம். நம் குடும்பங்களில் பலர் திருநீற்றுப் புதனன்று பீடியையும் சிகரெட்டையும் விடுகின்றனர். நாற்பது நாள் ஒறுத்தலாகத் தொடங்கி, சிலர் அதையே வாழ்நாள் முழுவதற்கும் ஆக்கிக்கொள்கின்றனர். அவ்வாறு விட்ட குடும்பத்தலைவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். இருபதாண்டுப் பழக்கம். விட்ட சில மாதங்களில், அல்லது அடுத்த ஆண்டில், மலத்தில் இரத்தம் காண்கிறது. நாளுக்கு எட்டு முறை, பத்து முறை போகவேண்டியிருக்கிறது. “பீடி குடித்தவரை நன்றாகத்தானே இருந்தேன்” என்கிறார். நண்பர் ஒருவர் ஒன்றைப் பற்றவைத்து நீட்டுகிறார். இரண்டு வாரத்தில் சற்றுக் குறைந்ததுபோலவும் தோன்றுகிறது. இனி அவரை யார் தடுக்க முடியும்?

அவர் கண்டது பொய்யன்று. புகையை விட்ட முதல் சில ஆண்டுகளிலேயே பெருங்குடல் புண் அழற்சி தலையெடுப்பது மிகுதி என்று 1987-இல் கார்டிஃப் மருத்துவரும், பின்னர் 2012-இல் அமெரிக்கச் செவிலியரை நெடுங்காலம் கவனித்தோரும் கண்டுள்ளனர். ஆகவே அவரை ஏளனம் செய்வதோ, மனப்பிரமை என்பதோ தவறு. ஆனால் அவர் எடுக்கும் முடிவு அவரைக் கொல்லக்கூடியது. பெருங்குடல் புண் அழற்சிக்குத் தேர்ந்த மருந்துகள் உண்டு. சல்பாசலசின் என்னும் மாத்திரையை ஸ்வீடன் நாட்டு மருத்துவப் பெண்மணி நன்னா ஸ்வார்ட்ஸ் 1940-களில் அறிமுகம் செய்தார். இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. அதன் வழிவந்த மெசலமின் பக்கவிளைவு குறைந்தது. கடுமையானபோது ஸ்டீராய்டு, அதற்கும் அடங்காதபோது இன்னும் புதிய மருந்துகள். மாரடைப்புக்கும் நுரையீரல் புற்றுக்கும் அப்படி எளிதான மாத்திரை ஏதும் இல்லை. இந்தியாவில் பீடி புகைக்கும் ஆண்கள் ஏறத்தாழ 6 ஆண்டு ஆயுளையும், சிகரெட் புகைப்போர் ஏறத்தாழ 10 ஆண்டு ஆயுளையும் இழக்கின்றனர் என்று 2008-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு கணக்கிட்டது. குடலில் ஒரு புண்ணைத் தணிக்க இது என்ன விலை!

ஸ்டீராய்டு மருந்தைத் தாமாகவே கடையில் வாங்கி உண்பதும், நலமானதும் தாமாகவே நிறுத்துவதும் கூடாது. எட்டு ஆண்டு, பத்து ஆண்டு நோய் நீடித்தவர்கள் பெருங்குடலை மருத்துவரிடம் காலமுறையில் சோதித்துக்கொள்ளவேண்டும். நாட்பட்ட அழற்சியில் புற்று தோன்றும் வாய்ப்பு கூடுதல். உணவைப் பொறுத்தவரை, எல்லாருக்கும் ஒரே பத்தியம் கிடையாது. நோய் சீறும் காலத்தில் குழைந்த சோறு, மோர், கஞ்சி என்று எளியதாக உண்பதும், அடங்கிய காலத்தில் மீனும் பருப்புமாக உடல் தேறும்படி உண்பதும் போதும். பத்தியம் என்ற பெயரால் பட்டினி போட்டு, இருக்கும் இரத்தத்தையும் குறைத்துவிடுவோரை நாம் கண்டிருக்கிறோம்.

மருத்துவரிடம் செல்கையில் ஒரு சிறு ஆயத்தம் தேவை. “புகைப்பீர்களா?” என்று அவர் கேட்பார். “இல்லை” என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிடாமல், எந்த வயதில் தொடங்கினீர்கள், பீடியா சிகரெட்டா, நாளுக்கு எத்தனை, எந்த ஆண்டில் எந்த மாதத்தில் விட்டீர்கள், வெற்றிலையோடு புகையிலை உண்டா என்பனவற்றையும் சொல்லுங்கள். வீட்டில் எவருக்கேனும் காசநோய் இருந்ததா என்பதையும் சொல்லுங்கள். மனைவி அருகில் இருக்கிறார் என்று கூச்சப்பட்டு மறைப்பவர் பலர்; அந்த ஒரு விவரமே நோயைப் பிரித்தறிய உதவக்கூடும். விட்ட பழக்கம் மீண்டும் இழுக்கிறது என்றால், புகையிலைப் பெட்டிகளின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.